தொப்பூர் கணவாயும் 1855 ஆம் ஆண்டுச் சட்டமும்

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு தொப்பூர் கணவாயைத் தெரியாமல் இருக்காது. தருமபுரி மேட்டு நிலம் அங்கே சட்டென்று முடிந்து சாலை கீழே சரிகிறது. மைசூர் போர்க் காலத்தில் படைகள் ஏறி இறங்கிய வழி. இப்போது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 44 அதன் வழியாகத்தான் போகிறது. கியரை நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் லாரிகள், சூடேறி இளகிய பிரேக்குகள், வளைவுகள். 2020 டிசம்பரில் ஒரு சிமெண்ட் லாரி வரிசையாக நின்ற வண்டிகள் மேல் ஏறியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்ததில் மறுபடி 4 பேர். இரண்டு முறையும் வீடியோக்கள் நாடு முழுக்கச் சுற்றின.

பைக் விபத்துகளுக்கு அப்படி வீடியோ வருவதில்லை. பாலக்கோடு ரோட்டிலோ, அரூர் பக்கமோ, காரிமங்கலம் பிரிவிலோ ஒரு பைக் விழும். நாலு பேர் ஓடி வருவார்கள், தண்ணி கொடுப்பார்கள். மோதிய வண்டிக்காரர் ஓடாமல் நின்றிருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த வாக்கியம் வரும்: "கேஸு கீஸுன்னு எதுக்குண்ணே, பேசி முடிச்சுக்கலாம்."

இந்த வாக்கியத்தில் கெட்ட எண்ணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்டேஷன், கோர்ட், வக்கீல், வாய்தா என்று அலைந்து பார்த்த ஒரு சமூகத்தின் அனுபவ அறிவு அதில் இருக்கிறது. ஆனால் அப்படிப் பேசி முடிக்கும்போது எதைக் கைவிடுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. விபத்துக்குப் பிறகு நாம் வாங்கவேண்டிய ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் சாவில் தொடங்கிய வரலாறு. அந்த வரிசையைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

தேர்க்கால் முதல் ரயில் வரை

தமிழில் மிகப் பழைய சாலை விபத்து வழக்கு எது என்று கேட்டால் மனுநீதிச் சோழன் கதையைத்தான் சொல்ல வேண்டும். இளவரசனின் தேர்க்காலில் கன்று அடிபட்டுச் சாகிறது. பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். திருவாரூரில் கல்தேர் நிற்கிறது, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை நிற்கிறது. நீதி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சி. ஆனால் இதில் இருப்பது தண்டனை மட்டும்தான். கன்றை இழந்த பசுவுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியைக் கதை தெய்வத்திடம் விட்டுவிடுகிறது. சிவன் வந்து எல்லோரையும் எழுப்புகிறார். நிஜத்தில் யாரும் எழுந்து வருவதில்லை. அதனால் சட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு தொகையால் பதில் சொல்லிப் பழக வேண்டியிருந்தது. அதற்கு நெடுங்காலம் ஆனது.

இங்கிலாந்தில் இரண்டு விசித்திரமான விதிகள் இருந்தன. ஒன்று, மனிதனைக் கொன்ற பொருள், அது வண்டியோ குதிரையோ, அரசருக்குப் பறிமுதல் என்ற இடைக்கால வழக்கம். நடைமுறையில் அந்தப் பொருளின் மதிப்பை ஜூரிகள் அபராதமாக விதிப்பார்கள். இன்னொன்று, 1808இல் ஒரு வழக்கில் சொல்லப்பட்டது. கோச்சு வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவர் நஷ்ட ஈடு கேட்டார். சிவில் நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் சாவை நஷ்டமாகக் கருத முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதாவது அடிபட்டவர் உயிரோடு இருந்தால் பணம் கேட்கலாம். செத்துவிட்டால் குடும்பத்துக்கு எதுவும் இல்லை. வண்டிக்காரருக்குக் காயத்தைவிடச் சாவு மலிவு.

ரயில் வந்தபிறகு இது தாங்கவில்லை. 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சோனிங் என்ற இடத்தில் ரயில் விபத்தில் தொழிலாளிகள் இறந்தபோது, ஜூரிகள் அந்தப் பழைய பறிமுதல் வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுண்டு விதித்தார்கள். ரயில் கம்பெனிகள் அலறின. 1846இல் பார்லிமென்ட் பறிமுதல் வழக்கத்தை ஒழித்தது. அதே ஆண்டில், இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நஷ்ட ஈடு கேட்கலாம் என்ற சட்டமும் வந்தது.

அது இங்கே வர 9 ஆண்டுகள் ஆயின. 1855இல் 13ஆம் எண் சட்டமாக உயிரிழப்பு விபத்துகள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு ஓர் அடி முன்னாலேயே சட்டம் வந்து நின்றது என்று சொல்லலாம். ஆனால் கதவு திறந்திருந்தாலும் உள்ளே போக சிவில் வழக்குப் போட வேண்டும். முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். வக்கீல் வைக்க வேண்டும். காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு காத்திருப்பு என்பதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த அடுத்த மாதம், 1947 செப்டம்பரில், பழனிக்குப் பக்கத்தில் கோபால்ட் மோட்டார் சர்வீஸ் என்ற கம்பெனியின் பஸ் விபத்துக்குள்ளாகி ஓர் இளைஞர் இறந்தார். குடும்பம் 1855 சட்டப்படி வழக்குப் போட்டது. அது படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1961இல். இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்திருப்பார், அதை எப்படிக் கணக்கிடுவது என்று பேசும் அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சட்டத்துக்கு அது லாபம். குடும்பத்துக்கு 14 வருடம்.

தனியாக ஒரு நீதிமன்றம்

1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் எட்டாம் அத்தியாயம், மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்றது. போர்க்காலம் என்பதால் அந்த அத்தியாயம் மட்டும் தள்ளிப்போய் 1946 ஜூலை 1இல்தான் அமலுக்கு வந்தது. இது சின்ன விஷயமில்லை. லாரி ஓட்டுபவரிடம் காசு இல்லை, ஓனரும் கடனில்தான் இருக்கிறார் என்ற நிலையில் தீர்ப்பு வாங்கி என்ன பயன்? கட்டாய இன்சூரன்ஸ்தான் தீர்ப்பைப் பணமாக மாற்றியது.

1956 திருத்தம் விபத்து இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்களை உருவாக்கியது. பெரிய கட்டணம் இல்லை, சிவில் கோர்ட்டின் இறுக்கமான நடைமுறை இல்லை. மனு ஒன்று, விசாரணை ஒன்று. இன்று தருமபுரி நீதிமன்றத்தில் 'எம்.சி.ஓ.பி.' என்ற நான்கு எழுத்தில் தொடங்கும் ஆயிரக்கணக்கான கட்டுகள் அங்கிருந்து வந்தவை.

இந்த ஏற்பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று 1980இல் தமிழ்நாட்டு பஸ் வழக்கு ஒன்று காட்டியது. என்.கே.வி. பிரதர்ஸ் என்ற கம்பெனியின் பஸ் இரவில் போகும்போது தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் இது தெய்வச் செயல் என்று டிரைவர் விடுதலை ஆனார். ஆனால் கம்பி இருக்கிறது என்று பயணிகள் கத்தியும் அவர் வேகமாகப் போனார் என்று தீர்ப்பாயம் கண்டது. 'கிரிமினல் கோர்ட்டே விட்டுவிட்டதே' என்று கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் நிரூபணம் வேறு, ஒரு குடும்பத்துக்குப் பணம் கொடுக்கத் தேவைப்படும் நிரூபணம் வேறு. நுணுக்க வாதங்களில் தீர்ப்பாயங்கள் மயங்கக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார்.

ஊரில் பலர் கேஸ் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம், "பாவம், டிரைவர் ஜெயிலுக்குப் போயிடுவான்" என்பது. இரக்கம் நல்லதுதான். ஆனால் டிரைவரைத் தண்டிப்பதும் இழப்பீடு வாங்குவதும் இரண்டு தனி வழிகள். இழப்பீட்டை, வண்டிக்குச் செல்லுபடியாகும் பாலிசி இருந்தால், கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. நாம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் தொகை ஏழை டிரைவரின் பையில் போய்ச் சேர்வதில்லை.

முதல் ஒரு மணி நேரம்

எண்பதுகளின் முடிவில் ஒரு ஸ்கூட்டர்காரரைக் கார் ஒன்று அடித்துவிட்டுப் போனது. வழியில் வந்த ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இது போலீஸ் கேஸ், நாங்கள் எடுக்க மாட்டோம், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். போகும் வழியில் உயிர் போய்விட்டது. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த பர்மானந்த் கட்டாரா என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர் அதை அப்படியே இணைத்து உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: அரசோ தனியாரோ, எந்த மருத்துவராக இருந்தாலும் முதல் கடமை உயிரைக் காப்பது. போலீஸ் நடைமுறை அதற்கு அப்புறம்தான்.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இருந்த பயம் போகவில்லை. 'சாட்சின்னு இழுத்தடிப்பாங்க' என்ற பயம். அதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேவ்லைஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது, தடுத்து வைக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019 திருத்தத்தில் அது 134ஏ என்ற பிரிவாகச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

இதில் ஒரு தமிழ்நாட்டுப் பெயரையும் சேர்க்க வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், விபத்தில் நொறுங்கிய உடல்களை நாள்தோறும் பார்க்கிறவர், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2014இல் அந்த வழக்கில்தான் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே 5 வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற விதி அதே வழக்கின் உத்தரவால் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 7 நாட்களில் 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை என்ற 2025 மத்திய அரசுத் திட்டமும் அதே வழக்கில் நீதிமன்றம் அழுத்திக் கேட்டதால்தான் வெளியே வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று அதில் கேள்வி இல்லை. ஒசூரிலும் பெங்களூரிலும் பாதி ஊர் வேலை செய்யும், வெளி மாநில லாரிகள் இரவெல்லாம் ஓடும் எங்கள் மாவட்டத்துக்கு இது முக்கியமான வரி.

ஆக, முதல் ஒரு மணி நேரத்தின் வேலை மூன்றே மூன்று. 108க்கு அழைப்பது. அடிபட்டவரின் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல், முடிந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை காப்பது. பயமில்லாமல் உதவுவது. நேரம் இருந்தால் நாலாவதாக, வண்டிகள் கிடந்த நிலையையும் நம்பர் பிளேட்டையும் போனில் படம் எடுப்பது.

ஒரு வரி செய்யும் வேலை

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகும்போது ஒரு பால் வண்டி இடித்தது. கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, கூட வந்த பால் வண்டிக்காரர் முந்திக்கொண்டு, "ஸ்லிப் ஆகி விழுந்துட்டாருங்க" என்றார். வலியில் இருந்த அண்ணனும் தலையாட்டினார். பெரியப்பாவிடம் 20,000 ரூபாய் கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிளேட் வைத்த கால் மறுபடி சீழ் பிடித்தது. இரண்டாவது ஆபரேஷனுக்கு ஒரு மாட்டை விற்றார்கள். அப்போதுதான் கேஸ் போட முடியுமா என்று என்னிடம் கேட்டார் பெரியப்பா. வக்கீலிடம் கூட்டிப் போனேன். அவர் முதலில் கேட்டது, "ஏ.ஆர். காப்பியில் என்ன போட்டிருக்கு?"

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. அவசரப் பிரிவில் மருத்துவர் எழுதும் முதல் பதிவு. எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி மோதியது என்று நோயாளியோ கூட வந்தவரோ சொன்னதை அதில் எழுதுவார்கள். 'தானாக விழுந்தார்' என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் வழக்கு முழுக்க அதையே பிடித்துக்கொள்வார். வழக்கு அதோடு தோற்றுவிடும் என்றில்லை. ஆனால் மலை ஏற வேண்டியிருக்கும். ஆகவே உண்மையை முதல் தடவையே, அடிபட்டவர் தரப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்வது அவசியம்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்குப் பதிவு என்பது எஃப்.ஐ.ஆர். மட்டுமே. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். 2024 ஜூலைக்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள்: அஜாக்கிரதையாக ஓட்டியது 281, காயம் 125, உயிரிழப்பு 106. பழைய 304ஏக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, புதிய 106க்கு 5 ஆண்டு. 304ஏ பிரிவுகூட 1860இல் தண்டனைச் சட்டம் எழுதியபோது இல்லை. 1870இல்தான் சேர்த்தார்கள். அஜாக்கிரதையால் வரும் சாவை ஒரு தனிக் குற்றமாகப் பார்க்கவே சட்டத்துக்குப் பத்து வருடம் பிடித்தது.

பிறகு சம்பவ இடத்தின் பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை. முன்பெல்லாம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு நடந்தே செருப்பு தேயும். 2022 ஏப்ரல் முதல் வந்த விதிகளின்படி, போலீஸே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. விதி இருக்கிறது என்று தெரிந்து கேட்பவருக்கும் தெரியாமல் நிற்பவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

பின்னால் உட்கார்ந்தவர்

பைக்குக்கென்றே சில கண்ணிகள் உண்டு. மிக மலிவான, சட்டம் கட்டாயமாக்கிய பாலிசியை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். பின்னால் மனைவியை உட்காரவைத்துப் போகிறீர்கள். உங்கள் தவறால் விழுகிறீர்கள். அவருக்கு அந்தப் பாலிசியில் எதுவும் கிடைக்காது என்று 2006இல் ஒரு ஸ்கூட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் இருப்பவரும் மூன்றாம் நபர் என்றுதான் நாம் நினைக்கிறோம், சட்டம் அப்படி நினைக்கவில்லை. பேக்கேஜ் பாலிசி என்றால் கதை வேறு. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கோ தனிநபர் விபத்துக் காப்பு வேண்டும். பைக்குக்கு அது வெறும் 1 லட்சமாக இருந்தது, 2018இல் 15 லட்சமாக உயர்ந்தது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் அதுவும் கையைவிட்டுப் போகும்.

எதிரே மோதியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால்? அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற வழியை 2004 தீர்ப்பு ஒன்று உறுதிப்படுத்தியது. மூன்று பேர் போனால் எல்லாம் போச்சு என்பார்கள். மூன்று பேர் ஏறியது விதிமீறல்தான், ஆனால் அதுவே விபத்துக்குக் காரணம் என்று காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று 2020இல் தீர்ப்பு இருக்கிறது. அதற்காக மூன்று பேர் போகலாம் என்று நான் சொல்லவில்லை. போய் அடிபட்டவரின் குடும்பம் வெட்கப்பட்டு வழக்கே போடாமல் இருக்க வேண்டாம் என்கிறேன்.

ஒரு உடம்பின் விலை

இழப்பீட்டுக் கணக்கு உண்மையில் ஒரு எளிய நிரல்தான். 2009, 2017 ஆண்டுகளின் இரண்டு தீர்ப்புகள் சூத்திரத்தை நிலைப்படுத்திவிட்டன. 28 வயதில் ஒருவர் இறந்துவிட்டார், மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகச் சின்ன வேலை, மாதம் 12,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. ஆண்டுக்கு 2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,34,400. 26 முதல் 30 வயதுக்கான பெருக்கி 17. ஆக 22,84,800 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவு போன்ற சில நிலையான தொகைகள்.

இப்போது அந்த 12,000க்கு எந்தத் தாளும் இல்லை, நீதிமன்றம் 8,000 என்று மதிப்பிடுகிறது என்று மாற்றிப் பாருங்கள். 15,23,200. அதே மனிதர், அதே சாவு, 7,61,600 ரூபாய் குறைவு. சூத்திரம் ஒன்றுதான், உள்ளே போடும் எண்தான் வேறு. சம்பளச் சீட்டு உள்ள என்னைப் போன்றவர்களுக்கு அந்த எண்ணை நிரூபிக்க ஒரு பிடிஎஃப் போதும். புளி அடிப்பவர், மாம்பழ மண்டியில் மூட்டை தூக்குபவர், கல் உடைப்பவர் எதைக் காட்டுவார்?

நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. 2014இல் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அவரிடம் வருமான ஆவணம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மாத வருமானத்தை 6,500 என்று ஏற்றது. காயத்தின் சதவீதமும் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்பதை 2010 தீர்ப்பு ஒன்று விளக்கியது. இடது கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடரக்கூடும். அதே கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். வீட்டில் இருக்கும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்று 2010இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. ஆனாலும் தாள் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையேயான தூரம் முழுதாகக் குறையவில்லை. அதனால்தான் ஒவ்வொரு மருந்துச் சீட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும், பிசியோதெரபி ரசீதும், மருத்துவக் குழுவின் ஊனச் சான்றும், மேஸ்திரி எழுதித் தரும் கூலிக் கடிதமும், கூலி ஜிபேயில் வந்ததன் பட்டியலும் ஒரு பையில் இருக்க வேண்டும்.

ஆறு மாதம்

கால வரம்பு இந்த வரலாற்றில் ஊசலாடிக்கொண்டே இருந்திருக்கிறது. தீர்ப்பாயங்கள் வந்தபோது 60 நாள். பிறகு ஆறு மாதம். 1988 சட்டத்திலும் ஆறு மாதம். 1994இல் அந்த வரம்பையே நீக்கினார்கள். அடிபட்டவர் கட்டிலில் கிடக்கையில் கடிகாரம் ஓடக்கூடாது என்ற எளிய நியாயம். அதே திருத்தம், விபத்து எங்கே நடந்திருந்தாலும் மனுதாரர் தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்றும் ஆக்கியது. ஆந்திராவில் அடிபட்ட பென்னாகரத்துக்காரர் தருமபுரியிலேயே வழக்குப் போடலாம். ஆனால் 2019 திருத்தத்தில், 2022 ஏப்ரல் முதல், ஆறு மாத வரம்பு திரும்பி வந்துவிட்டது. அதை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்று சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் சும்மா இருக்கக் கூடாது. ஆறு மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் தீர்ப்பாயம் இல்லை, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் விண்ணப்பம். அப்படிப்பட்ட சாவுக்கு 1982இல் சட்டம் கொடுத்தது 5,000 ரூபாய். 1988 சட்டத்தில் 8,500. 1994இல் 25,000. 28 ஆண்டுகள் அந்தத் தொகை அசையவில்லை. 2022இல் 2 லட்சம் ஆனது, கொடுங்காயத்துக்கு 50,000. அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும், ஏ.ஆர். வேண்டும்.

சமாதானமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. லோக் அதாலத்தில் ஆயிரக்கணக்கான விபத்து வழக்குகள் பேசித்தான் முடிகின்றன. ஆனால் அங்கே பேசும்போது மேசைமேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, ஊனச் சான்று இருக்கிறது, எதிரே இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது, நடுவில் ஒரு நீதிபதி இருக்கிறார். வருகிற தொகை உத்தரவாக வருகிறது. ரோட்டோரத்தில் பேசும்போது ஒரு பக்கம் எலும்பு முறிந்தவர், இன்னொரு பக்கம் அவசரத்தில் இருப்பவர். எலும்பு எப்படிச் சேரும் என்று இருவருக்கும் தெரியாது.

அண்ணன் வழக்கைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. அவருக்கு விபத்து நடந்தபோது கால வரம்பு இல்லாத காலம். தாமதமாக எஃப்.ஐ.ஆர். போட்டு, பால் வண்டி இடித்ததைப் பார்த்த டீக்கடைக்காரர் சாட்சி சொல்லி, வழக்கு நடந்தது. தொகை வந்தது, கேட்டதைவிட ரொம்பக் குறைவு. 'தானாக விழுந்தார்' என்ற வரிக்கும், கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளுக்கும் பதில் சொல்லவே இரண்டு வருடம் போனது. இன்றைக்கு அதே விபத்து நடந்து அதே அளவு தாமதமாகியிருந்தால், மனுவை வாங்குவார்களா என்ற கேள்வியிலேயே வழக்கு தொடங்கியிருக்கும்.